பிழையில்லாமல் வாசித்த பிள்ளை

என் மகள் வாசித்தால் கேட்பவர்கள் கைவேலையை நிறுத்திவிடுவார்கள். பெற்றவன் என்பதால் கூட்டிச் சொல்லவில்லை. சிவகாசியில் அவள் படித்த பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேர்ந்த இரண்டாம் மாதமே காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளைத்தான் நிறுத்தினார்கள். மைக் எட்டவில்லை. ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏற்றிவிட்டார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கி, ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் வாசித்து முடிப்பாள். ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பெரிய மனிதர், "இந்தப் பிள்ளைய ரேடியோவுக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களின் உயிரை எடுத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது என்று அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டியின் லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். என் மனைவி பட்டாசு ஆலைக்கு வேனில் போய் வருகிறவள். எங்கள் வகையறாவில் பேனாவைப் பிடித்து வேலை பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பந்தியில் உட்கார்ந்துகொண்டே கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டுபிடித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டுவேன். கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் ஊரில் அடுத்த வருஷம் தொடங்கிவிடும். காலண்டர் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் குவிந்து, மார்கழி வரை மூச்சு விட நேரம் இருக்காது. தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், ராகு காலம், சூலம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு திதி மாறிப் போனால் யாரோ ஒருவர் தப்பான நாளில் வீடு குடி போவார். அதனால் இந்த வேலையை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்வோம். ஒருவர் மூலத் தாளைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் அச்சான புரூஃபில் விரலை ஓட்டிக்கொண்டே போவார். சீசனில் அச்சகத்தில் முடியாததை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுவருவேன். வீட்டில் எனக்கு யார் வாசிப்பது? மனைவி ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளை வைத்து வாசித்தால் பொங்கலுக்குத்தான் தீபாவளித் தாள் முடியும். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தாளை எடுத்தாள். "அஷ்டமி பகல் இரண்டு முப்பத்தேழு வரை, பின்பு நவமி" என்று கடகடவென்று வாசித்தாள். ஏழு வயதுப் பிள்ளை சந்திராஷ்டமத்தை உடைக்காமல் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் வீட்டில் வாசிப்பது அவள்தான்.

டீச்சர் கூப்பிட்டது காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு. வேலை நெருக்கடியான நேரம். அரை நாள் லீவு கேட்டு, முதலாளி முகம் சுளித்த பிறகுதான் போனேன். அந்த டீச்சர் தமிழ் எடுப்பவர், அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தார், விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"ஒங்க மக வாசிப்பு விஷயமாத்தான் சார் பேசணும்" என்றார்.

"என்ன டீச்சர், எதும் போட்டிக்கு அனுப்புறீகளா?"

"இல்ல சார். அவளுக்கு வாசிக்க வரல."

நான் சிரித்துவிட்டேன். ஆள் மாறிப் போச்சு, வேறு யாரோ பிள்ளையின் அப்பா என்று நினைத்து என்னைக் கூப்பிட்டுவிட்டார் என்றுதான் எண்ணினேன். அவர் பரீட்சைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். சந்தைக்கு ஆடு விற்கப் போன ஒருவனைப் பற்றிப் பாடத்தில் இல்லாத ஒரு பத்தி. அதற்குக் கீழே ஐந்து கேள்வி. "ஆடு ஏன் விலை போகவில்லை?" என்ற கேள்விக்கு என் மகள் பத்தியிலிருந்து மூன்று வரியை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். வானம் மூடியிருந்ததைப் பற்றிய வரிகள். மற்ற கேள்விகளுக்கும் அதே கதைதான். முத்து முத்தான எழுத்து, ஒரு பிழை இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், நான் முதலில் பார்த்தது அதைத்தான். பதில் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது எனக்கு இரண்டாவதாகத்தான் கண்ணில் பட்டது.

"கவனமில்லாம எழுதியிருக்கா. நான் கண்டிக்கேன்" என்றேன்.

"கவனம் இல்லன்னா பரவால்ல சார், நானே கண்டிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தாள். டீச்சர் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒரு பெண் தண்ணீர் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மாமியாருக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். பக்கத்து வீட்டில் அதே நிறத்தில் ஒரு வாளி இருந்தது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி தன் வாளியைத் தேடிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது. மகள் வாசித்த அழகில் அடுத்த மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரி வாளி எங்க போச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

"கிணத்துக்குள்ள டீச்சர்."

"கிணத்துல விழுந்தது யார் வாளி?"

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் ஒரு தாள் முடிந்ததும் நான் "சரி" என்று சொல்வதற்காக என் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "தேடிக்கொண்டிருந்தாள்" என்று கடைசிச் சொல்லை மட்டும் மறுபடியும் வாசித்தாள்.

டீச்சர் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே கதையை வாயால் சொன்னார். பாதி சொல்லும்போதே இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, இவ தூக்கிட்டு வந்துட்டா டீச்சர்! மாமியாக்காரி கண்ணுல மண்ணத் தூவ அடுத்த வீட்டு வாளியக் கொண்டாந்துட்டா, கள்ளி!" என்றாள்.

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு டீச்சர் சொன்னார்: "காதுல விழுந்தா எல்லாம் வெளங்குது. கண்ணு வழியா ஒண்ணும் உள்ள போக மாட்டேங்குது. எனக்கும் இது புதுசு சார். என்ன செய்யன்னு எனக்கும் தெரியல."

எட்டு வகுப்பு எப்படித் தாண்டினாள் என்று அப்போதுதான் யோசித்தேன். கைடில் உள்ள கேள்வியும் பதிலும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்தால் போதும், பதில் முழுதாகக் கொட்டிவிடும். எட்டு வருஷமாக யாரும் அவளைப் புத்தகத்துக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். எழுத்தோடு புழங்குகிறவனுக்கு இது ஒரு வேலையா? தினமும் சாயங்காலம் அவளை உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, "என்ன வாசிச்ச?" என்று கேட்பேன். அவள் சொல்ல மாட்டாள். விளக்குவேன். அடுத்த பத்திக்கும் அதே நிலைதான். ஒரு வாரத்தில் என் குரல் உயர்ந்தது. பத்தாம் நாளோ என்னவோ, ஒரே பத்தியை மூன்று தடவை வாசிக்க வைத்தேன். மூன்றாவது தடவை இன்னும் நிதானமாக, இன்னும் திருத்தமாக வாசித்தாள்.

"என்ன வாசிச்ச தாயி, அதச் சொல்லு."

"இன்னும் நல்லா வாசிக்கட்டுமாப்பா?" என்றாள்.

தன் குரலில்தான் குறை என்று இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அந்த நேரத்தில் புரிந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். நக்கல் செய்கிறாள் என்று நினைத்து அறைந்துவிட்டேன். அதுவரை அவள் மேல் கை வைத்ததில்லை. அவள் அழக்கூட இல்லை, எதற்கு அடித்தேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த மனைவி, கையில் ஒட்டிய பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடிகூடப் போகாமல் உள்ளே ஓடி வந்தாள்.

"எதுக்குப் பிள்ளைய அடிக்கீக? வாசிக்கத்தான செய்தா?"

"வாசிச்சா போதுமா? வெளங்க வேண்டாமா?"

"அத இம்புட்டு வருசம் கூட வச்சு வாசிச்ச நீங்கதான பாத்திருக்கணும். நான் சின்னதுலயே தீப்பெட்டி ஒட்டப் போனவ, எனக்கென்ன தெரியும்?"

தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை. சில நாள் கழித்து ஆலையில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். மகள் அதை வாங்கி முதலில் வாசித்தாள். நாளை முதல் வேன், என் மனைவி ஏறி இறங்கும் ஆனைக்குட்டம் விலக்கில் நிற்காது, அதற்கு அடுத்த நிறுத்தத்தில் மட்டும் நிற்கும் என்று நோட்டீஸ் சொன்னது. வாசித்து முடித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்து, "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டாள். என் மனைவி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "வே… ன்… வேன்" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். பாதியில் நிறுத்தி, "போச்சு போ! நாளையிலருந்து அம்புட்டுத் தூரம் நடக்கணுமா? இவனுகளுக்கு என்ன கேடு!" என்று வையத் தொடங்கிவிட்டாள். நான் அந்தத் தாளையும் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுந்து அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

அரையாண்டுக்கு முன்னால் அச்சகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். காது கேளாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் பரீட்சையில் சலுகை உண்டு, கேள்வியை வேறொருவர் வாசித்துக் காட்டலாம், சூலக்கரைப் பக்கம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சான்றிதழ் கேட்டுப் பாருங்கள் என்றார். கேள்வியை யாராவது வாசித்துக் காட்டினால் போதும், என் மகள் எழுதிவிடுவாள். இது எனக்குப் பெரிய வெளிச்சமாகப் பட்டது. நானே மனு எழுதி மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். மனுவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மனுவை அவளிடமே நீட்டி, "இத வாசிம்மா" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். அந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் மனுவோடு காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய பேச்சும் நின்றது. "எனது மகளுக்கு வாசித்துப் பொருள் கொள்வதில் உள்ள குறைபாட்டைக் கருத்தில் கொண்டு" என்ற வரியை அவள் வாசித்தபோது எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. முடித்ததும் ஒரு கிழவர் கையைத் தட்டினார்.

அதிகாரிக்குச் சிரிப்பு. "இந்தப் பிள்ளைக்கா வாசிக்க வரல? என் மகன் இதுல பாதி வாசிச்சாப் போதும் எனக்கு" என்றார். நான் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "கண்ணு தெரியுது, காது கேக்குது, கை எழுதுது. நான் எதுன்னு போடட்டும், நீங்களே சொல்லுங்க. இதுக்கு என்கிட்ட ஃபாரம் இல்லயேய்யா" என்று மனுவைத் திருப்பித் தந்தார். வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "நல்லா வாசிச்சேனாப்பா?" நல்லா வாசிச்ச தாயி என்றேன்.

தமிழ் டீச்சர் மட்டும் விடவில்லை. இடைவேளையில் அவளை உட்கார வைத்து, மற்ற வரிகளை அட்டையால் மூடி, ஒரு வரி வாசித்ததும் நிறுத்திக் கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒரு வரி என்றால் பிடித்துக்கொண்டாள். இரண்டு வரி என்றால் தட்டுத் தடுமாறி. நான்காம் வரிக்குப் போவதற்குள் முதல் வரி போன இடம் தெரியாது. ஆனாலும் அரையாண்டில் ஒரு கேள்விக்கு அவளாகவே பதில் எழுதியிருந்தாள். டீச்சர் அந்தத் தாளை எனக்குக் காட்டுவதற்காகத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஆனால் அவருக்கு அறுபது பிள்ளைகள், இடைவேளை பத்து நிமிஷம். தை பிறந்ததும் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க அவரைப் போட்டுவிட்டார்கள். அத்தோடு அது நின்றுபோனது.

அதற்கு முன்னால் ஒருநாள் நான் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். புரூஃப் பார்க்கிறவனுக்கு முதல் விதி, விஷயத்துக்குள் போகக் கூடாது. கதையில் மனம் போனால் எழுத்தில் பிழை தப்பிவிடும். மகள் என்னோடு உட்கார்ந்த முதல் வருஷம் டைரிக்கான துணுக்குக் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, "பெறவு அந்த நரி என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். எனக்கு அவசரம். "நரி எக்கேடும் கெட்டுப் போகட்டும், கதையப் பாக்காத. எளுத்தப் பாரு" என்று சத்தம் போட்டேன். இன்னும் ஒன்றிரண்டு தடவை அப்படிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதட்டினேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. நன்றாகப் பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

"நான்தான் டீச்சர் கெடுத்துட்டேனா?" என்றேன்.

அவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆமா, நீங்கதான் என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். அவர், "தெரியல சார். பெறக்கும்போதே இருந்ததோ என்னமோ. எனக்கு நிஜமாவே தெரியல" என்றார். இன்று வரை எனக்கும் தெரியவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்றுகூட அன்றைக்குத் தெரியாது. மதுரைக்குப் போனால் இதற்கென்று டாக்டர் இருப்பார் என்று பல வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

அந்த வாரத்திலிருந்து வீட்டுக்குப் புரூஃப் கொண்டுவருவதை நிறுத்தினேன். அதில் இன்னொரு கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை குளித்துத் தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இன்னைக்கும் தாள் இல்லையாப்பா?" என்பாள். "நான் எதும் தப்பா வாசிச்சுட்டேனா?" என்று அம்மாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பாராட்டுக் கிடைத்த வேலை அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கொடுக்க என் கையில் எதுவும் இல்லாமல் இருந்தேன்.

பாடங்களை நான் வாசித்துக் காட்டினேன், காதால் கேட்டுப் படித்தாள். வரலாறு, அறிவியல் எல்லாம் கதை மாதிரி திருப்பிச் சொல்வாள். ஆனால் முழுப் பரீட்சையில் கேள்வித்தாளை அவளே அல்லவா வாசிக்க வேண்டும். கேள்விகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தார்கள். தெரிந்த பதில்களையே இடம் மாற்றி எழுதி வைத்துவிட்டு வந்தாள்.

மே மாதம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது, அப்பாவும் பிள்ளையும் வந்து தலைமையாசிரியையைப் பாருங்கள் என்று. எனக்கு விஷயம் தெரியும். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தவறக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வெறி. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே கழித்துவிடுவார்கள். அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு: பாஸ் என்று போட்டு டி.சி. தருவார்கள், வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டியது. வாங்க மாட்டேன் என்றால் அதே வகுப்பில் பெயில். மற்றவர்களுக்கு நடந்தபோது, படிக்காத பிள்ளைகளை வேறென்ன செய்வார்கள் என்று நானே பேசியிருக்கிறேன்.

மகளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். தலைமையாசிரியை என்னை உட்காரச் சொன்னார். அவர் முகமும் நன்றாக இல்லை. "ப்ரேயர்ல அவ குரல் இல்லன்னா எனக்கே என்னமோ மாதிரிதான் சார் இருக்கும். ஆனா ரிசல்ட்டுக்கு மேல எடத்துல பதில் சொல்ல வேண்டியது நான்" என்றார். இன்னொரு வருஷம் பார்க்கலாமே என்று கெஞ்சினேன். பரீட்சைக்குப் போகும்போது நானே வந்து கேள்வியை வாசித்துக் காட்டுகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். "பெயில் போட்டா பிள்ள மனசு ஒடைஞ்சிரும் சார். பாஸ் போட்டுத் தாரேன், கவர்மெண்ட் ஸ்கூல்ல சேத்துருங்க" என்றார். பெயிலாகி அதே வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். சரி என்றேன். அந்த ஒரு சொல்லை அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது.

கிளார்க் டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே மகளும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

"வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா" என்றார் தலைமையாசிரியை.

வாசி என்று சொல்லிவிட்டால் அவளுக்கு மனதுக்குள் வாசிக்கத் தெரியாது. தாளை இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டாள்.

"பொருள், மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டுதல் சார்பாக. மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு பயின்று தேர்ச்சி பெற்றுள்ள எனது மகளை, குடும்பச் சூழ்நிலை காரணமாக வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால், அன்னாரின் மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்முடிவு எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் எடுக்கப்பட்டதாகும். இதற்குப் பள்ளி நிர்வாகம் எவ்வகையிலும் பொறுப்பல்ல என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

கிளார்க் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தார். தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் தாளை மேஜையில் வைத்து, நான் காட்டிய இடத்தில் தன் பெயரைக் கோணாமல் எழுதினாள். "வரட்டா மேடம்" என்று சிரித்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். டி.சி.யும் அந்தக் கடிதத்தின் நகலும் மடித்து என் சட்டைப் பையில் இருந்தன. அவள் பள்ளிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டென்த்துக்கு மாடியிலதான் கிளாஸாம்ப்பா. அங்கன ஃபேன் இருக்கு" என்றாள்.

இனி மறைக்க முடியாது என்று ஆகிவிட்டது. இனிமேல் இந்தப் பள்ளிக்கு வரப்போவதில்லை, நம்ம ஊருக்குப் பக்கத்து கவர்மெண்ட் பள்ளியில்தான் பத்தாவது, இப்போது உள்ளே அதற்குத்தான் கையெழுத்துப் போட்டோம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்பாள், அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை நீட்டினாள். கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் வரிக்குக் கீழே மீதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து வாசித்தாள். கையைக் கொஞ்சம் இறக்கி அடுத்த வரியை வாசித்தாள். மறுபடியும் மேலே போனாள். எங்கள் பஸ் வந்து நின்று போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை.

கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதையாப்பா நான் வாசிச்சேன்?" என்று கேட்டாள்.

ஆமாம் தாயி என்றேன்.

"அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி?"